எச்.எம். எழுந்து சாப்பிட்டாளா?

என் மங்கைக்கு,

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்துவிட்டோம். ஒருவருக்கொருவர் கடிதம் எழுத வேண்டிய தேவையே வந்ததில்லை. பக்கத்து அறையில் இருப்பவளுக்கு யாராவது தபால் போடுவார்களா? இப்போது எழுதுகிறேன், எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

நம் நகர் நலச்சங்க மலரில் உனக்கு அஞ்சலி போடப் போகிறார்களாம். செயலாளர் வந்து, "சார், மேடத்தைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க, போட்டோவோட போட்டுடலாம்" என்றார். நாலு வரி! ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வரை போய்க் கீரை வாங்கி வந்த கதையையே நீ நாலு வரியில் முடித்ததில்லை. அதனால் உன்னைப் பற்றி எழுதாமல் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். இந்த நகரில் பாதி வீடுகளில் உன் கோழி போட்ட முட்டையைச் சாப்பிட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் நீ கேட்க நினைக்கும் செய்தியைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் எச்.எம். அடைக்கு வந்தாள். படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எச்.எம். என்பது எங்கள் வீட்டுக் கருப்புப் பெட்டைக் கோழி. மங்கை வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்தில் ஒரு தலைமை ஆசிரியை இருந்தாராம். வராண்டாவில் அவர் நடந்து வந்தால் பிள்ளைகள் மட்டுமில்லை, டீச்சர்களும் ஒதுங்கி நிற்பார்களாம். இந்தக் கோழியும் தோட்டத்தில் இறங்கினால் சேவல் உட்பட எல்லாம் ஒதுங்கும். அதனால் அந்தப் பட்டம்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்தில்தான் அவள் அடை கிடப்பாள். நீ கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, ஓரத்தில் ஒரு இரும்பு ஆணி, ஒரு அடுப்புக்கரி, ஒரு காய்ந்த மிளகாய் செருகினாய். இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்க. "சயின்ஸ் டீச்சர் பண்ற வேலையாடி இது?" என்று கேட்டேன். "சயின்ஸ் வேற, இடி வேற. சும்மா இருங்க" என்றாய். வழக்கம்போல ஒற்றைப்படையில் பதினோரு முட்டை. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு டிக் போட்டாய். புதிதாக வேறு கோழி வந்து முட்டையிட்டுப் போனால் அடையாளம் தெரிய வேண்டுமே. நோட்டுத் திருத்துகிற அதே டிக், வால் நீண்டு மேலே போகும்.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கேளம்பாக்கத்திலிருந்து நம் பெண் சுகந்தி லீவு போட்டு வந்து உன்னோடு இருந்தாள். "நீங்க வீட்டுக்குப் போங்க, எச்.எம்.மை யார் இறக்கி விடுவாங்க?" என்று என்னை நீதான் விரட்டினாய். உடம்பு கொதிக்கும்போதும் உனக்குக் கோழிக் கவலை.

கவலைக்குக் காரணம் இருந்தது. அடை கிடக்கும்போது அவள் தானாக எழுந்திருக்க மாட்டாள். தினமும் ஒருமுறை தூக்கி வெளியே விட வேண்டும். தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, தானே ஓடி வந்து மறுபடி உட்காருவாள். உன் கை பட்டால் பேசாமல் வருவாள். என் கை நீண்டால் இறகை எல்லாம் விரித்து, கொர்ர்ரென்று உறுமி, ஒரே கொத்து. முதல் நாளே புறங்கையில் ரத்தம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனேன். கையுறையும் போட்டுக்கொண்டு போனேன். ஹெல்மெட்டைப் பார்த்து அவள் இன்னும் மிரண்டாள்.

போனில் உன்னிடம் சொன்னபோது நீதான் யோசனை சொன்னாய். "கொடியில என் நீல நைட்டி கெடக்கும் பாருங்க, துவைக்காதது. அத மாட்டிக்கிட்டுப் போங்க. அவ ஆளப் பாக்க மாட்டா, துணியத்தான் பாப்பா."

"போடி, பைத்தியமா நான்?"

"யாரு பாக்கப் போறா? போங்க."

மாட்டிக்கொண்டேன். லுங்கிக்கு மேலே நீலப் பூப்போட்ட நைட்டி, கை பத்தவில்லை. எச்.எம். ஒரு கண்ணால் பார்த்தாள், தலையைச் சாய்த்தாள், அப்புறம் பேசாமல் தூக்கவிட்டாள். அந்த நேரம் பார்த்து சுகந்தி வீடியோ கால் போட்டாள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய் பார், ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருக்க, இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, நர்ஸ் ஓடி வந்து, அவரும் போனை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்து... எனக்கு வெட்கம் தாங்கவில்லை. இன்று நினைத்தால் அந்த நைட்டியை இன்னும் நாலு நாள் முன்னாலேயே மாட்டியிருக்கலாம் என்று இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் உன்னை ஐசியூவுக்கு மாற்றினார்கள். உள்ளே கொண்டு போவதற்கு முன் சுகந்தி போனை உன் காதில் வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் மதியம் "சாப்பிட்டீங்களா?" என்று போன் பண்ணுவாயே, அப்படித்தான் ஏதோ கேட்பாய் என்று காத்திருந்தேன். மூச்சைப் பிடித்துப் பிடித்து நீ கேட்டது, "எச்.எம்... எழுந்து சாப்பிட்டாளா?"

நான் பதில் சொல்வதற்குள் ஸ்ட்ரெச்சர் நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான் மங்கை. அதற்கப்புறம் உன் குரலை நான் கேட்கவில்லை.

உன்னை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். கண்ணாடிப் பெட்டி, பந்தல், நாற்காலி, தெருவெல்லாம் ஆள். உன் பழைய மாணவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். தாடி வைத்த ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எட்டாவது வந்தும் எழுதத் தெரியாம இருந்த எனக்கு டீச்சர்தான் சார் அ போடக் கத்துக்குடுத்தாங்க" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த அமளியிலும் நான் படிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். எச்.எம். அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேளச் சத்தத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் பிடிமானமாக இருந்தது. நீ வைத்த முட்டை, உன் டிக் போட்ட முட்டை, பொரிக்கப் போகிறது. அது பொரித்தால் நீ முழுசாகப் போகவில்லை என்று ஏனோ நினைத்துக்கொண்டேன். படித்தவன் நினைக்கிற நினைப்பா? ஆனால் நினைத்தேன்.

நாங்கள் உன்னை எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போனோம். வழக்கப்படி பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். செங்கல்பட்டிலிருந்து வந்த எங்கள் அக்காவைப் பற்றி உனக்குத் தெரியாதா? கழுவினால் மூலைமுடுக்கு ஒன்றையும் விடமாட்டாள். மாடிப்படிக்குக் கீழேயும் வாளி வாளியாக ஊற்றியிருக்கிறாள். கோழி அலறிக்கொண்டு மதில் மேல் ஏறிவிட்டது. கூடை நனைந்து போயிற்று. அக்கா முட்டைகளை எல்லாம் பொறுக்கி, துடைத்து, பத்திரமாக... ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள்.

மயானத்திலிருந்து வந்து குளித்துவிட்டுப் படிக்குக் கீழே பார்த்தால் ஈர மணலும் ஒரு மிளகாயும்தான் கிடந்தன. "முட்டை எங்கக்கா?" என்றேன். "கெட்டுப் போயிடுமேன்னு உள்ள எடுத்து வச்சேன்டா. பதினொன்னு இருந்துச்சு, ஒன்னும் ஒடையல" என்றாள். அழுது அழுது அவள் முகமே வீங்கியிருந்தது. அவளை என்ன சொல்ல? ஃபிரிட்ஜைத் திறந்தேன். கதவில், பால் பாக்கெட்டுக்கு மேலே, கடை முட்டை வைக்கிற குழிகளில் உன் டிக் எல்லாம் வரிசையாக நின்றன. தொட்டேன். சில்லென்று இருந்தன. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உன் நெற்றியைத் தொட்டபோது இருந்த அதே சில்லிப்பு.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை அழாதவன் அப்போதுதான் அழுதேன். எல்லோரும் உனக்காக என்று நினைத்தார்கள். உனக்காகத்தான், ஆனால் முட்டைக்காகவும்.

சுவரைத் தாண்டி வந்தவள் பக்கத்து வீட்டு நூர்ஜஹான்தான். உன்னை அக்கா, அக்கா என்று சுற்றி வருவாளே, அன்று அவள் கண்ணும் கோவைப்பழம். முட்டைகளை முந்தானையில் வாங்கி, புது மணல் போட்டு, அதைச் சட்டியில் வெதுவெதுப்பாகச் சூடாக்கி, கூடையைத் தயார் பண்ணினாள். "நீங்க போய்க் கோழியப் புடிங்கண்ணா. அந்த நைட்டிய மாட்டிக்குங்க" என்றாள். துக்க வீட்டில், உறவுக்காரர்கள் வாய் பிளந்து பார்க்க, ஈரத் தலையோடு உன் நைட்டியை மாட்டிக்கொண்டு மதில் ஓரம் நின்று "ம்பா... ம்பா..." என்று நீ கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன். ஒரு பெரியவர், "பாவம், மனசு பேதலிச்சுப் போச்சு" என்று சொன்னது காதில் விழுந்தது. எச்.எம். இறங்கி வந்தாள். முட்டைகளைக் காலால் நகர்த்தி, வயிற்றுக்கடியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதிலிருந்து காத்திருந்தேன். சுகந்தி சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைப்பாள், ஆறிப்போகும். "அப்பா, எழுந்து வந்து சாப்பிடுங்கப்பா" என்பாள். நான் படிக்கட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நூர்ஜஹான் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "உள்ள ஒண்ணு அடை கெடக்கு, வெளிய ஒண்ணு அடை கெடக்கு" என்று சுகந்தியிடம் சொன்னாள். சிரிப்பு வரவில்லை, ஆனால் நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

பொரிக்க வேண்டிய நாள் வந்தது. வந்து, போயிற்று. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளினேன். குளிரில் கிடந்த முட்டை கொஞ்சம் தாமதமாகும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். லேசாக ஒரு வாடை வர ஆரம்பித்தது. ஊதுபத்தி வாடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நூர்ஜஹான் ஒருநாள் அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். "போட்டுப் பாத்துடலாம்ணா. உசுரு இருந்தா தண்ணியில முட்டை ஆடும். அக்கா அப்பிடித்தான பாப்பாங்க." நீ அப்படிப் பார்த்து நானும் பார்த்திருக்கிறேன். உள்ளே குஞ்சு உதைக்கிற உதையில் முட்டை தானாகத் துள்ளும், நீ சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டுவாய்.

ஒவ்வொன்றாக விட்டேன். மிதந்தது, அசையாமல் நின்றது. அடுத்தது. அதுவும் அசையவில்லை. கடைசி முட்டையை விட்டபோது அது ஆடியது மங்கை. ஆடியது! "நூரு, பாரு பாரு" என்று கத்தினேன். அவள் முட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அண்ணா, கைய எடுங்க" என்றாள். பாத்திர விளிம்பைப் பிடித்திருந்த என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன். தண்ணீர் அடங்கியது. முட்டையும் நின்றுவிட்டது.

பதினொன்றும் கூமுட்டை. நான் சொல்லத் தயங்கிய செய்தி இதுதான். நீ வைத்ததில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

தெரிந்த பிறகும் அவற்றைத் துடைத்து அவள் வயிற்றுக்கடியிலேயே வைத்துவிட்டேன். எடுத்தால் உன் கை பட்டு நடந்துகொண்டிருந்த கடைசிக் காரியமும் முடிந்துவிடும். கருமாதி வந்தது, போயிற்று. உறவெல்லாம் கிளம்பியது. சுகந்தி, "கேளம்பாக்கம் வந்துடுங்கப்பா, தனியா எப்படி இருப்பீங்க?" என்றாள். "கோழி அடை கிடக்குதே" என்றேன். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதில் ஒன்றும் இல்லையென்று. அவள் வாதாடவில்லை, என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பொறுமை உன்னுடையது.

ஆனால் எச்.எம். இளைத்துவிட்டாள். இறக்கிவிட்டாலும் தின்பதில்லை. ரெண்டு வாய் தண்ணீர், உடனே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வாள். கொண்டை வெளுத்துப் போயிற்று. தூக்கினால் வெறும் இறகு கனம்தான். தண்ணீரில் முக்கி எடுத்தால் அடை தெளியும் என்றார்கள். கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படிக்குக் கீழே பலகை அடி என்றார்கள். போன வாரம் நூர்ஜஹான் சுவருக்கு மேல் நின்று என்னைத் திட்டியே விட்டாள். "அது செத்துடும்ணா. அக்கா வளத்த கோழிய நீங்க சாகடிக்கப் போறீங்களா? அக்கா இருந்தா இப்ப என்ன பண்ணுவாங்க, அத நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். நீ என்ன பண்ணுவாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முன்பு ஒரு புயலில் இதே எச்.எம்.மின் முட்டைகள் எல்லாம் பாழானபோது நீ பண்ணியதைப் பார்த்திருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு வண்டலூர், மண்ணிவாக்கம் வழியாகப் படப்பைக்குப் போனேன். நீ வாங்குவாயே அந்தத் தீவனக் கடை, அங்கேதான். அன்றைக்குத்தான் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வந்திருந்தன. கடைக்காரர், "டீச்சரம்மா வரலியா சார்?" என்றார். அட்டைப்பெட்டியை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மறுபடி கேட்கவில்லை. அவரே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்தார்.

வழியெல்லாம் பெட்டி கீச்கீச்சென்றது. நம் வீட்டில் இத்தனை நாளில் கேட்காத சத்தம்.

விடியும் முன்னால் செய்ய வேண்டும் என்பாய். இருட்டில் அவளுக்குக் கண் தெரியாது, காது மட்டும் கேட்கும். நைட்டியை மாட்டிக்கொண்டு படிக்குக் கீழே குனிந்தேன். ஒரு குஞ்சை உள்ளங்கையில் பொத்தி அவள் வயிற்றுக்கடியில் விட்டேன். கொர்ர்ரென்று உறுமினாள். அந்நியக் குஞ்சை ஒரே கொத்தில் கொன்றுபோட்ட கோழிகளும் உண்டு. குஞ்சு உள்ளிருந்து கீச் என்றது. உறுமல் பாதியில் நின்றது. அப்புறம், மங்கை, அவள் குரல் மாறியது. க்ளக்... க்ளக்... மெதுவாக, அடித்தொண்டையில்.

ஒரு குஞ்சை உள்ளே விடுவேன், திரும்பும் கையில் ஒரு முட்டையை எடுப்பேன். விடுவேன், எடுப்பேன். பதினொன்றும் வந்துவிட்டன. அவள் வயிறு உரசி உரசி உன் டிக் எல்லாம் அழிந்திருந்தது. ஒன்றில் மட்டும் வால் தெரிந்தது. கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் பள்ளம் தோண்டி எல்லாவற்றையும் வைத்தேன். அந்த ஒன்றைக் கடைசியாக, டிக் மேலே பார்க்கும்படி வைத்தேன். மண்ணைத் தள்ள எனக்குக் கை வரவில்லை. மயானத்தில்கூட எல்லோரும் சொல்லச் சொல்லச் செய்துவிட்டேன். இங்கே சொல்ல ஆளில்லை. உன்னை இரண்டாவது முறை நான் மட்டும் தனியாக அனுப்பினேன்.

விடிந்தது. எச்.எம். எழுந்தாள். யாரும் தூக்காமல், தானாக எழுந்தாள். இறகை உதறிக்கொண்டு, குஞ்சுகள் பின்னால் வர, வராண்டாவில் நடந்தாள். அந்தப் பழைய நடை. நொய்யரிசியைக் கொத்திக் கொத்திக் குஞ்சுகளுக்குக் காட்டினாள். அவை தின்றதும் தானும் தின்ன ஆரம்பித்தாள். தின்றாள், தின்றாள், நிறுத்தவே இல்லை.

நைட்டியோடு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நூர்ஜஹான் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள், குஞ்சுகளைப் பார்த்தாள், என் கோலத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சூடாக இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் ஒரு தட்டில் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

அவை உன் குஞ்சுகள் இல்லை. அது எனக்குத் தெரியும், எச்.எம்.முக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

இந்தக் குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிகிற வரை கேளம்பாக்கம் வர முடியாது என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டேன். சனி, ஞாயிறு அவளே இங்கே வருகிறாளாம். அடுத்த முறை எச்.எம். அடைக்கு வரும்போது ஆணி, கரி, மிளகாய் எல்லாம் நான் வைப்பேன். டிக்கும் போடுவேன், என் கையெழுத்துக்கு நீ சிரிக்கக் கூடாது. அப்போது அவளைத் தூக்கி இறக்க நைட்டி வேண்டும், அதனால் அதைத் துவைக்காமல் மடித்து உன் பீரோவில் வைக்கிறேன். எச்.எம்.முக்காகத்தான் என்று சுகந்தியிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்ல முடியாது.

நீ கேட்டுவிட்டுப் போனதற்கு அன்று பதில் சொல்ல விடவில்லை. இப்போது சொல்கிறேன். எழுந்து சாப்பிட்டாள், மங்கை. நீ கேட்காமல் விட்டுப்போன இன்னொருவனும் அன்றைக்குச் சாப்பிட்டான். இனி தினமும் மதியம் சாப்பிடுகிறேன், போன் வராவிட்டாலும்.

இப்படிக்கு,
உன் சுகந்தி அப்பா